பாண்டிச்செல்வியின் கண்ணாடித் தொட்டி

ஈரத்தை நம்பக் கூடாது என்பது மாடத்தியின் கைகளுக்கே தெரியும். சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவள் மருந்து அடைக்கிறாள். கலவையில் ஈரம் ஏறினால் அது தானாகச் சூடாகும். அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்காது. அதனால் அங்கே எதையும் வெயிலில் பரப்பி, சுக்காகக் காயவைத்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். கூட வேலை செய்யும் பாண்டிச்செல்வியின் வீட்டுச் சாவியை வாங்கியபோதும் அவளுக்கு இருந்தவை அந்தக் கைகள்தான்.

சாவியைக் கொடுத்தது செல்வியின் அம்மா பாண்டிலட்சுமி, மதுரையில் ஒரு தீக்காய வார்டின் வாசலில் வைத்து. உள்ளே கொசுவலைக்குள் செல்வி கிடந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன.

"யக்கா, செடி..." என்றாள். "நான் வார வரைக்கும் அதச் சாகவிட்றாத."

"நான் பாத்துக்கிடுதேன் தாயி."

இதற்கு மறுப்புச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று மாடத்தி நினைத்தாள். கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெடி விபத்து நடந்த அன்று மாடத்திக்கு விழுந்தது மேட்டில் இருந்த கடைசி அறை. முழங்கால் வலியில் மேடேற முடியாமல், "நீ அங்கன போறியா? நான் ஒன் எடத்துல இருந்துக்கிடுதேன்" என்று செல்வியைக் கேட்டாள். "போறேன், போறேன். கிழவிக்கு ஒரு சலுகை" என்று சிரித்துக்கொண்டே போனாள் செல்வி. பத்தரை மணிக்கு அந்த அறை இல்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்த செல்வி மட்டும் மிஞ்சினாள். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். இடம் மாற்றிக்கொண்டது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் செடியைக் கம்பெனி வேனில் வரும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். போன தீபாவளி போனஸில் கேரளத்து நர்சரியிலிருந்து பார்சலில் வரவழைத்தது. எங்கோ கொலம்பியா காட்டு மரங்களில் தொற்றி வளரும் ஆந்தூரியமாம். முழங்கை நீளத்துக்கு இலை. கரும்பச்சையில் வெல்வெட் துணி போல இருக்கும், நரம்பு மட்டும் வெள்ளை. "பூவுக்கும் ஆகாது, காய்க்கும் ஆகாது, அதுக்குக் கண்ணாடி வீடு வேறயா?" என்று வேனில் ஒருத்தி கேட்டதற்கு, "ஒங்க வீட்டுக்காரரையும்தேன் எதுக்கும் ஆகாதுன்னு சொல்லுதீக. வீட்டுக்குள்ளதான வச்சிருக்கீக?" என்று செல்வி திருப்பிக் கேட்டாள். திருத்தங்கல் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

மாடத்தி கதவைத் திறந்தபோது கண்ணாடித் தொட்டி உள்ளே வியர்த்துப் போயிருந்தது. துளித்துளியாகத் தண்ணீர் வழிந்தது. வேரைச் சுற்றியிருந்த பாசியைத் தொட்டாள். சொதசொதவென்று இருந்தது. இப்படி மூடிவைத்தால் புழுங்கியே செத்துவிடுமே! மூடியைக் கழற்றினாள். பாசியைப் பிரித்து மாடியில் பரப்பினாள். செடியையும் பக்கத்திலேயே, நல்ல காலை வெயிலில், காயவைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வேன் ஏறினாள்.

சாயங்காலம் ஐந்து இலைகளில் நாலு, பழைய காலண்டர் தாள் போல மொரமொரத்துத் தொங்கின.

அன்றைக்கு போனில் செல்வி கேட்டாள், "எப்படிக்கா இருக்கு?"

"ம்... நல்லா இருக்கு."

அடுப்படியில் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'பாய் பிரஸ், ஏசி தண்ணி' என்று எழுதியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மறுநாள் திருத்தங்கலில் பீர் முகைதீனின் அச்சகத்துக்குப் போனாள். கேனைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"வாங்கம்மா. அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

"கண்ணு முழிச்சிப் பேசுது, பாய்."

"சனிக்கிழமையானா வந்து புடிச்சிட்டுப் போகும். நம்ம ஊர்த் தண்ணி உப்புல்ல, எலை கருகிருமாம். ஏசியில வடியிற தண்ணியில உப்பு கெடையாது." அவர் பேப்பர் அடுக்கியிருந்த அறையைக் காட்டினார். மூலையில் ஓர் எந்திரம் புகை போல நீராவியை ஊதிக்கொண்டிருந்தது. "காத்து காஞ்சா பேப்பர் சுருண்டுக்கிடும், கலர் ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது. அதுக்குத்தேன் இது. இதப் பாத்துட்டு, 'என் செடியும் இப்பிடித்தேன் பாய்'ன்னு சொல்லும்."

மாடத்தி அந்த நீராவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்தில் பிழைக்கிற பொருளும் இதே ஊரில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தினமும் வேனுக்கு முன்னால் செல்வி வீட்டுக்குப் போனாள். பாசியை நனைத்து வேரில் சுற்றினாள். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு போட்டாள். மூடும்போதெல்லாம் கை தயங்கியது. மூடிவிட்டு, ஏதாவது சூடு தெரிகிறதா என்று கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பாள். சில்லென்றுதான் இருக்கும். போனில் மட்டும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே சொல்லிவந்தாள்.

மூன்று மாதம் கழித்து செல்வி வீட்டுக்கு வந்தாள். தொட்டியில் ஒரு பழைய இலை இருந்தது. பக்கத்தில் விரல் நீளத்துக்குச் செம்பு நிறத்தில் ஒரு குருத்து.

"அஞ்சு எலை இருந்துச்சேக்கா."

"நாந்தேன் வெயில்ல காயப் போட்டேன். போன்ல பொய் சொன்னேன்."

"ஈரம்னு பயந்துட்டியா?"

"ஆமா."

செல்வி கையை நீட்டி இலையைத் தடவினாள். இறுகிச் சுருங்கியிருந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை போலும். கையை எடுத்துவிட்டுக் குனிந்து, காயம்படாத கன்னத்தை இலைமேல் வைத்தாள். மாடத்தி சுவரோரம் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போறியாக்கா?"

"போகணும்."

"முழங்காலு வலிச்சா லீவு போட்ரு. யாருட்டயும் எடம் மாத்திக் கேக்காத."

"கேக்க மாட்டேன்" என்றாள் மாடத்தி.

செல்வி நிமிரவில்லை. "சனிக்கிழமை நீயே பாய் பிரஸ்ஸுக்குப் போயிட்டு வந்துரு. எனக்கு இனிமே கேன் தூக்க முடியாது."

மாடத்தி அடுப்படிக்குப் போய்க் கேனை எடுத்தாள். அன்று வியாழக்கிழமைதான். இருந்தாலும் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.