அட்டவணையில் சேர்க்காத நாட்கள்

போன வருடம் ஆனி மாதம், சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

நான் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆறு நாள் உதிரிபாகங்களை அளந்து அட்டவணை போடுவேன், ஏழாவது நாள் தூங்குவேன். அந்த ஞாயிறு மட்டும் தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் நான் உயிராக விளையாடிய ஒரு வீடியோ கேம், அதே வகையைச் சேர்ந்த இன்னும் ஐந்து பழைய கேம்களோடு ஒரே தொகுப்பாக மறுபடி வெளிவந்திருந்தது. காலையில் குளித்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வகை கேமில் ஓட்டமும் துப்பாக்கியும் கிடையாது. நாலு பேரை நாம் ஊர் ஊராக நடத்திப் போக வேண்டும். வழியில் பூதங்கள் மறிக்கும். என்ன செய்வது என்று நாம் யோசித்து முடிக்கும்வரை அவையும் பொறுமையாக நிற்கும். சண்டை போடப் போட நம் ஆட்களின் நிலை ஒவ்வொன்றாக ஏறும். அடிபட்டால் சத்திரத்தில் படுக்க வைக்கலாம். ஒரு சின்ன இசை கேட்கும், திரை இருண்டு வெளுக்கும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அன்றைய ஆட்டத்தைச் சேமிப்பதும் சத்திரத்தில்தான்.

பழைய ஆட்டத்துக்கும் புதிய தொகுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று வழக்கம்போல் பட்டியல் போட ஆரம்பித்தேன். ஒன்று, எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். இரண்டு, நடையை மூன்று மடங்கு வேகமாக்கலாம். மூன்று, மூலையில் வரைபடம் தானாக வருகிறது. நான்காவது, பக்கத்தில் அவள் இல்லை. அதை மட்டும் எழுதவில்லை.

அவள் என் அடுத்த வீட்டுத் தோழி. அப்போது எங்கள் இருவருக்கும் பதினோரு வயது. டிவியில் மாட்டும் கேம் பெட்டி என்னுடையது, கேசட் அவளுடையது. இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருக்கும். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். அவள் ஆட்களை நடத்துவாள், நான் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைவேன். அந்த உலகத்திலும் மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஒரே ஒரு ஆறு. அதனால் அங்கே இருந்த ஊர்களுக்கெல்லாம் எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தோம். கோட்டை இருந்த ஊர் பாளையங்கோட்டை. ஆற்றங்கரையில் கோபுரம் தெரிந்த ஊர் ஆழ்வார்திருநகரி. மலையடியில் அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருந்தது, அது பாபநாசம். குகைக்குள் நுழைய ஆட்கள் பதினெட்டாம் நிலைக்கு வரவேண்டும். நாங்கள் பதிமூன்றில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த நீல ஆறு கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே பார்த்தால், இது எந்த ஆறு என்று ஒரு நொடி குழம்பும்.

ஒரு நாள் மாலை ஆட்டத்தைத் திறந்தபோது எங்கள் ஆட்கள் பதினான்காம் நிலையில் இருந்தார்கள். முந்தின நாள் பதிமூன்றில்தான் விட்டிருந்தோம். அடுத்த வாரம் பதினைந்து. முதலில் இரண்டு பேருக்கும் ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவளாகவே ஒரு விளக்கம் சொன்னாள்.

“நாம ஸ்கூலுக்குப் போறோம்லா, அது மாதிரி அவங்களும் பகல்ல எங்கயோ போய்ப் படிச்சிட்டு வாராங்கட்டி. விட்டுரு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டுவிடச் சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, மூன்று வாரம் அட்டவணை போட்டேன். மாலையில் விடும்போது என்ன நிலை, மறுநாள் திறக்கும்போது என்ன நிலை, வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது. அம்மா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலை டூட்டி நாட்களில் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தோழி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். தோழியின் பள்ளியில் கட்டட வேலை நடந்ததால் அவள் ஒரு மணிக்கே வீடு திரும்பிவிடுவாள். நான் வர நாலரை ஆகும். சாவி அவள் வீட்டில் இருந்த நாட்களில்தான் எங்கள் ஆட்கள் வலுத்திருந்தார்கள். அம்மா இரவு டூட்டி முடித்துப் பகலில் வீட்டில் தூங்கும் நாட்களை நான் அட்டவணையில் சேர்க்கவே இல்லை. அம்மா இருக்கும்போது அவள் வந்து விளையாட முடியாதே, பிறகு அந்த நாட்கள் எதற்கு?

நோட்டை அவள் முன்னால் விரித்து, தேதி தேதியாக வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள். “நான் இல்ல” என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் மறுபடி முதல் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் எழுந்து பெட்டியிலிருந்து கேசட்டை உருவிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருடக் கடைசியில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்தார்கள். அதுவரைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் சந்தேகம் இல்லை. என்னிடம்தான் அட்டவணை இருந்ததே.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டிவியில் என் நாலு ஆட்களும் ஆற்றைக் கடந்த உடனேயே அடிவாங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அதுக்குள்ள ஏன் பாலத்தத் தாண்டுத? இந்தத் தெம்புக்கு அது தாங்காது. பாலத்துக்கு இங்கனக்குள்ளயே பைய சுத்து. நீலமா ஒண்ணு வரும், அத அடி. பொறவு சத்திரத்துல போய்ப் படு.”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் பாதி மடித்த சேலையோடு.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் அம்மா அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

“காலை டூட்டின்னா ரெண்டரைக்கு வந்ததும், ராத்திரி டூட்டின்னா பகல்ல தூங்காமலும், நீ வாரதுக்குள்ள கொஞ்ச நேரம் விளையாடுவேன். ஒரு மணி நேரத்துக்கு மேல தொடக்கூடாதுன்னு ஒங்கள ஏசிட்டு, நானே உக்காந்து விளையாடுதேன்னு வெளிய சொல்ல முடியுமா? திடீர்னு ஒரு நாள் கேசட்டக் காணும். எங்கன்னு கேக்கவும் முடியல. கேட்டா மாட்டிக்கிடுவேம்லா.”

“எதுக்கும்மா விளையாடுன?”

அம்மா சேலையை மடித்து முடித்தாள். “அந்தச் சத்திரத்துக்காகத்தான். ஒருத்தன் சாகக் கெடப்பான். கொண்டுபோய்ப் படுக்க வச்சா காலையில எழுந்து நடக்கான். வார்டுல அப்படியா நடக்கு?”

வெளியே சாரல் நின்று வெயில் அடித்தது. நான் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, தோழியோடு பேச்சு நின்றுபோன காரணத்தை அம்மாவிடம் முதல் தடவையாகச் சொன்னேன். நோட்டு, தேதிகள், சாவி, எல்லாம்.

“நான் செஞ்சதுக்கு அந்தப் பிள்ளைய ஏசினியா?” என்று அம்மா கேட்டுவிட்டு, போனை எடுத்துத் தோழியின் அம்மா நம்பரைத் தேட ஆரம்பித்தாள். “போய்ச் சொல்லிட்டு வா. நீ செஞ்சதையும் சொல்லு, நான் செஞ்சதையும் சொல்லு.”

தோழி இப்போது பாபநாசம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. “அடுத்த ஞாயிறு வரலாமா?” என்று செய்தி அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரே சொல் வந்தது: “வா.” கோபமா, அழைப்பா என்று அதை எத்தனை முறை பார்த்தும் தெரியவில்லை.

கேம் பெட்டியைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜங்ஷனில் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. அதில் வானமும் கரண்டு கம்பியும் தெரிந்தன. ஆறு ஒரு திருப்பத்தில் பக்கத்தில் வரும், அடுத்த திருப்பத்தில் தென்னைகளுக்குப் பின்னால் போய்விடும். மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோட்டையிலிருந்து அருவிக்குப் போகும் இந்த வழியைக் கட்டம் போட்ட தாளில் நான் எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! நடையை வேகமாக்கும் பொத்தான் பஸ்ஸில் இல்லை. இருந்திருந்தாலும் அழுத்தியிருக்க மாட்டேன், அத்தனை பயம். சொல்ல வேண்டியதை ஐந்து குறிப்புகளாக எழுதி வைத்திருந்தேன்.

கடைக்கு மேல்தான் வீடு. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதே புருவம்.

“என்னட்டி, பாவத்தத் தொலைக்க வந்தியாக்கும்? அதுக்கு ஆத்துக்கில்லா போகணும், எங்க வீட்டுக்கு ஏன் வந்த?”

ஐந்து குறிப்பும் மறந்துபோனது. நின்ற இடத்திலேயே சொன்னேன். “அது நீ இல்ல. எங்கம்மா.”

“எனக்குத் தெரியும்.”

புரியாமல் விழித்தேன். அவள் உள்ளே போய் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து இடம் பண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

“அப்பமே தெரியும். ஒரு நாள் மத்தியானம் ஒங்க வீட்டு ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒங்கம்மா யூனிபார்மக்கூட மாத்தாம தரையில உக்காந்து விளையாடிக்கிட்டு இருந்தாங்க. அழுதுக்கிட்டே விளையாடினாங்க. நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது. அத ஒன்கிட்ட வந்து எப்படிட்டி சொல்ல?”

“இருந்தாலும் என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.”

“நான் இல்லன்னு சொன்னேம்லா. ஒனக்கு அது போதும்னு நெனச்சேன். நீ என்னன்னா மறுபடி மொதல்ல இருந்து தேதிய வாசிச்ச.”

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்தாள். என் பையைக் காட்டி, “அதுல என்ன?” என்றாள். எடுத்துக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் பாலத்துக்கு இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி, ஆட்களைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். குகை வாசலில் நிற்க வைத்திருந்தேன், உள்ளே போகவில்லை.

அவள் டிவியில் மாட்டிப் பார்த்தாள். அருவிக்கு முன்னால் நாலு சின்ன உருவங்கள் காத்து நின்றன. அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. மூலையில் தெரிந்த வரைபடத்தை அவள் சிறிது நேரம் பார்த்தாள்.

“இந்த மேப்ப நிறுத்திரு. நீ வரை” என்று சொல்லிவிட்டு, கடையின் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள்.

சாயங்காலம் கடை திறக்கும் நேரம்வரை அவள் நடத்தினாள், நான் வரைந்தேன். குகை முடியவில்லை. மாதம் ஒரு ஞாயிறு போய் வருகிறேன், இன்னும் முடியவில்லை, எங்களுக்கு அவசரமும் இல்லை. அம்மாவும் ஒரு தடவை என்னோடு வந்து, “பைய போங்கட்டி” என்று எங்கள் இருவரையும் ஏசிக்கொண்டே பார்த்தாள். சின்ன வயதில் ஜன்னல் வழியே தோழி பார்த்ததை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பதினோரு வயதில் அவள் காப்பாற்றிய ரகசியத்தை இந்த வயதில் நான் உடைக்கக்கூடாது.

இப்போதும் வேலையில் தினம் அட்டவணை போடுகிறேன், தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கிறேன். ஆனால் யாராவது “நான் இல்லை” என்று ஒரே ஒரு தடவை அமைதியாகச் சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் எந்த நாட்களைச் சேர்க்காமல் விட்டேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.