ஆத்தாவுக்கு டவல் கேட்ட நாள்

எனக்கு எழுத வராது. ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது. ஒற்று எங்கே போடணும், எங்கே விடணும் என்று இன்றைக்கும் தெரியாது. ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை, அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இதை எழுதச் சொன்னது என் கூட்டாளி செராஸ் அக்காவின் மகள். "ஆன்டி, நீங்க வாயால சொன்னா பாதிய முழுங்கிடுறீங்க. எழுதியே குடுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பஸ்ஸில் மணியடிக்க வெட்கப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்தே வீட்டுக்கு வந்தவள் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

நாங்கள் மூன்று பேர். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஒரே மேசையில் இருபது வருஷம் கையுறை அடுக்கியவர்கள். நான் இப்போது பிரிக்பீல்ட்ஸில் மகனோடு அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்களில் மூத்தவள் செராஸில் மகளோடு இருக்கிற செராஸ் அக்கா, வயது எழுபத்து நாலு. சின்னவள் கிள்ளான்காரி, அறுபத்தாறு வயதிலும் வேன் ஓட்டுகிறாள். தீபாவளிக்கு முறுக்கு போட்டு விற்பாள்.

"எத்தனை நாளைக்குத்தான் கோயில், கிளினிக், கோயில், கிளினிக்? ஒரு நாள் அருவி பாத்துட்டு வரலாம்லா" என்று கிள்ளான்காரிதான் ஆரம்பித்தாள். ஊலு லங்காட் பக்கம் ஒரு நீர்வீழ்ச்சி. காலையில் கிளம்பி, சாப்பிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.

செராஸ் அக்காவை ஏற்றப் போனபோது அவள் மகள் கேட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. போன வருஷம் மழையில் நனைந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். "கால மட்டும் நனைக்கட்டும் ஆன்டி. தலையில தண்ணி படவே கூடாது. கிள்ளான் ஆன்டிய நம்ப மாட்டேன், உங்கள நம்பித்தான் அனுப்புறேன்." நானும், "பாத்துக்கறேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அருவிக்குப் போகப் படி ஏறணும். எத்தனை படி என்று எண்ணவில்லை, என் முட்டி எண்ணியிருக்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் சாப்பாட்டுப் பை, டவல், பிளாஸ்க் எல்லாம் வேனிலேயே இருப்பது தெரிந்தது. "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க, நான் போய் எடுத்துட்டு வரேன்" என்று கிள்ளான்காரி கீழே இறங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் அக்கா பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முந்தானையிலிருந்து மஞ்சளை எடுத்து மூஞ்சியில் பூசினாள்.

"அக்கா, கால் மட்டும்தானே?"

"கால்தாண்டி."

கால் நனைந்தது. பிறகு முட்டி, இடுப்பு. "அக்கா, உன் மகளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றேன். அந்த அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அருவிக்கு நேர் கீழே போய் நின்றாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் உடனே இழுக்காமல் நின்றுவிட்டேன். அது என் தப்பு.

கரைக்கு வந்ததும் நடுங்க ஆரம்பித்தாள். சும்மா நடுக்கம் இல்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஆடியது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவிழ்ந்த முடி முன்னும் பின்னும் வீசியது. வாயிலிருந்து "வ்வ்வ்வ்" என்று ஒரு சத்தம். நனைந்தால் பரவாயில்லை என்று அவள் கட்டிக்கொண்டு வந்தது ஒரு பழைய மஞ்சள் சேலை.

இங்கே ஒன்று சொல்லணும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. ஏதோ கோயிலில் நேர்த்திக்கடன் முடித்துவிட்டு வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். முப்பது பேர் இருக்கும். வேப்பிலை இருக்கிறது, மஞ்சள் தூள் இருக்கிறது, உறுமி மேளக் குழுவும் கூடவே இருக்கிறது. மஞ்சள் சேலை, மஞ்சள் மூஞ்சி, விரித்த தலை, ஆடுகிற உடம்பு. வேறு என்ன நினைப்பார்கள்?

ஒரு பெண் கையிலிருந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ, ஆத்தா வந்துட்டா!" என்றாள்.

உறுமி ஆரம்பித்தது.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து அக்கா முன்னால் கைகட்டி நின்றார். "வந்திருக்கிறது யாரு? சொல்லும்மா."

"வ்வ்வ்வ்."

"பேச மாட்டேங்குதே. கோவமா இருக்கா போல. தண்ணி ஊத்துங்க."

ஒருத்தர் வாளியில் ஆற்றுத் தண்ணியை மொண்டு, மஞ்சள் தூளைக் கலக்கி, வேப்பிலையைப் போட்டு, அக்கா தலையில் கவிழ்த்தார். அக்கா இன்னும் அதிகமாக ஆடினாள். அக்கா அதிகமாக ஆட, உறுமிக்காரர்கள் அதிகமாக அடித்தார்கள். "பாத்தீங்களா, இறங்குறா! இன்னொரு வாளி!" ஊற்ற ஊற்ற ஆடினாள், ஆட ஆட ஊற்றினார்கள். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

படிப் பக்கம் பார்த்தேன். கிள்ளான்காரியைக் காணோம். அவள் இருந்திருந்தால் ஒரே சத்தத்தில் உறுமியையே நிறுத்தியிருப்பாள். இருந்தது நான்தான்.

பெரியவர் சட்டையைத் தொட்டு, "அண்ணே, அவங்களுக்குக் குளிருது" என்றேன்.

"ஆத்தா குளிரணும்னுதான ஊத்துறோம், ஆன்டி" என்றார் ரொம்ப மரியாதையாக.

"இல்லண்ணே, அவங்க என் கூட்டாளி. செராஸ்."

"எந்த ஊரா இருந்தாலும் வருவாம்மா."

மறைக்காமல் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. வந்திருப்பது நிஜமாகவே ஆத்தாவாக இருந்தால்? சாமியைப் போய்க் குளிர் என்று சொன்னால் பாவமில்லையா? இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் மேல் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? கையைக் கூப்பக்கூடப் போனேன். அப்போது அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது சாமி பார்வை இல்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வரும்போது பார்ப்பாளே, "ஏதாச்சும் செய்யேண்டி" என்கிற அந்தப் பார்வை.

பெரியவரும் என்னைப் பார்த்தார். "நீங்க கூட வந்தவங்கதானே ஆன்டி? ஆத்தா என்ன கேக்குறான்னு கேட்டுச் சொல்லுங்க."

உறுமியை நிறுத்தினார்கள். முப்பது பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். அக்கா வாயருகே காதை வைத்தேன். "டவல்டி" என்றாள், ரொம்பத் தெளிவாக.

நான் நிமிர்ந்தேன். என் குரல் எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. "ஆத்தா டவல் கேக்குறா."

பெரியவர் என் பக்கம் குனிந்தார்.

"டவலா?"

"ஆமா. காஞ்ச டவல்."

"என்ன கலர்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "எந்தக் கலரும் ஏத்துக்குவா" என்றேன்.

மூன்று டவல் வந்தது. ஒன்றில் காற்பந்துக் குழுவின் படம், ஒன்றில் பூனைக்குட்டி, ஒன்று சும்மா பச்சை. மூன்றையும் தாம்பாளத்தில் வைத்து, மேலே பூ வைத்து, சூடம் காட்டிக் கொடுத்தார்கள். நான் பூனைக்குட்டியைத் தலையில் சுற்றி, மற்ற ரெண்டையும் தோளில் போர்த்தினேன். ஒரு பொய் வந்தால் அடுத்தது தானாக வரும் போல. "ஆத்தா சூடா தே ஓ கேக்குறா" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பால் போடாத தேத்தண்ணியும் வந்தது, எவர்சில்வர் சொம்பில். "சீனி போட்டிருக்கோம்" என்றார்கள்.

"ஐயோ, சீனி வேணாம். ஆத்தாவுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆனால் கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான அம்மா மட்டும் தலையை ஆட்டி, "வராம என்ன செய்யும்? நாம படைக்கிறது எல்லாம் சக்கரப் பொங்கல்தானே" என்றார். தே ஓவை மாற்றிக் கொண்டுவந்தார்கள்.

அக்கா ரெண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் குடித்தாள். நடுக்கம் குறைந்திருந்தது. நான் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விசில் சத்தம் வருகிறதா என்று.

அப்போதுதான் கிள்ளான்காரி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையில் நாசி லெமாக் சோற்றுப் பை, டவல், பிளாஸ்க். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் வேப்பிலையைப் பார்த்தாள், சூடத்தைப் பார்த்தாள், கைகட்டி நிற்கிற முப்பது பேரைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். நெடுஞ்சாண்கிடையாக அக்கா காலில் விழுந்தாள்.

"ஆத்தா! தெரியாம பண்ணிட்டேன் ஆத்தா! போன தீபாவளிக்கு நானே சுட்டேன்னு இவங்க ரெண்டு பேருக்கும் குடுத்த முறுக்கு நான் சுடல! பாசார் கடையில வாங்கி டப்பா மாத்தினேன்! மன்னிச்சிரு தாயே!"

அக்கா ஒரு வாய் தே ஓவைக் குடித்துவிட்டு, "தெரியும். எந்திரி" என்றாள்.

"பாத்தியா, தெரியும்னு சொல்றா!" என்று பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உறுமி மறுபடி ஆரம்பித்துவிட்டது.

இனிமேல் இருந்தால் அடுத்த வாளி வரும் என்று எனக்குப் புரிந்தது. "ஆத்தா மலையேறணும். வேன்ல ஏறணும்" என்றேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னது தப்புத்தான், ஆனால் யாரும் தடுக்கவில்லை. நாலு பேர் கைத்தாங்கலாக அக்காவைப் படியிறக்கினார்கள். முன்னால் உறுமி, பின்னால் குடும்பம். எதிரே அருவி பார்க்க வந்த சீனக் குடும்பம் ஒன்று ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டது. அக்கா கழுத்துக்கும் வேன் கண்ணாடிக்கும் மாலை போட்டார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டவலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், "ஆத்தாவுக்குக் குடுத்ததை வாங்கலாமா ஆன்டி?" என்று வாங்க மறுத்துவிட்டார்கள்.

வேனில் பல்லைப் போட்டுக்கொண்டதும் அக்கா முதலில் கிள்ளான்காரியைத் திட்டினாள். "முறுக்குல எள்ளே இல்ல, அப்பவே தெரியும்டி." பிறகு என்னைத் திட்டினாள். "ஊருக்கே என் இனிப்பு நீரைச் சொல்லணுமா?" செராஸ் வரைக்கும் திட்டு. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். திட்டுகிறவளுக்கு மூச்சு நன்றாக வருகிறது என்று அர்த்தம்.

கேட்டில் மகள் நின்றாள். அக்கா இறங்கினாள், பூனைக்குட்டி டவல் தலையில், கழுத்தில் மாலை, மூஞ்சியில் மஞ்சள், முடியில் வேப்பிலை. "கால்தான் நனைச்சேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். கோபத்தில் கண் சிவந்திருந்தது. "ஆன்டி?"

நான் நடந்ததைச் சொன்னேன், பாதியை முழுங்கித்தான். வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதை மட்டும் முழுங்கவில்லை. அவள் உள்ளே போய் அக்கா முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள். அன்றைக்கு இழுப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் தினமும் போன் பண்ணிக் கேட்டேன், ஒரு தும்மல்கூட இல்லை. மழைக்கு நாலு நாள் படுத்தவள், இத்தனை வாளிக்குப் படுக்கவில்லை.

மகளுக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "ஆன்டி, நிஜமா அம்மா மேல யாரும் வரலையா?" என்று கேட்கிறாள். நான் பொய் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லையென்றால் நான் ஆத்தாவைப் போய் வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ரெண்டில் எது பெரிய குற்றம் என்று தெரியவில்லை, ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அதனால் அன்றைக்கு அங்கே இருந்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். ஊற்றியது ஆறு வாளியா, ஏழா? அக்காவின் ஆட்டம் டவல் போர்த்திய பிறகு குறைந்ததா, அதற்கு முன்னாலேயே குறைந்துவிட்டதா? பிறகு என்றால் குளிர், முன்னாலேயே என்றால் ஆத்தா. எனக்கு அது நினைவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள்.