நீலத்தில் நூறு இடம்

என் வேலை நீலத்தைப் பார்ப்பது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாகச் சளிப் பரிசோதனை செய்கிறேன். கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் எல்லாம் நீலமாகத் தெரியும். காசநோய்க் கிருமி இருந்தால் அந்த நீலத்தில் மெல்லிய சிவப்புக் கோடாகக் கிடக்கும். ஒரு சமயத்தில் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு சின்ன வட்டம்தான். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டம் பார்க்க வேண்டும். நூறிலும் சிவப்பு இல்லையென்றால் நெகட்டிவ் என்று எழுதலாம்.

நாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டு மின்சார ரயிலில் ஏறினால் கொளவாய் ஏரியும் எனக்கு ஸ்லைடாகத்தான் தெரியும். ரயில் ஏரியோரமாக மெதுவாகப் போகும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கும். நான் பாதித் தூக்கத்தில் அந்தத் தண்ணீரில் சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். பொத்தேரியில் இறங்க மறந்து கூடுவாஞ்சேரி வரை போன நாட்களும் உண்டு.

பொத்தேரி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, ஜிப் வைத்த உறைக்குள் பைபிள், தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட சபை. நானும் கூடப் போவேன். கடைசி வரிசையில் விசிறிக்கு அடியில் உட்காருவேன். நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சத்தம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக்கில் சொல்லலாம். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார். ஒருவர் தொலைந்த ஸ்கூட்டர் திரும்பி வந்ததைச் சொல்வார். ஆனால் சொன்ன பிறகு அதன்படி நடக்க வேண்டும். குடியை விட்டேன் என்று சாட்சி சொன்னவர் மறுவாரம் ஒயின்ஷாப் பக்கம் நின்றால் சபை முழுக்கத் தெரிந்துவிடும். நான் அந்த வம்புக்கே போனதில்லை.

அம்மாவுக்கு விடாத இருமல் வந்தது. அந்த ஸ்லைடை லேபில் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நானே பார்த்தேன். மூன்றாவது வட்டத்திலேயே சிவப்பு. அம்மாவின் உடம்புக்குள் இருந்த ஒன்றை அவ்வளவு பக்கத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. அப்படிச் சொல்வது பாவம் என்றாலும் அழகாகத்தான் இருந்தது. பிறகு பாத்ரூமுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆறு மாதம் மாத்திரை, கொஞ்ச நாள் விடுதி வேலைக்குப் போக வேண்டாம் என்றார் டாக்டர். தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே வேளையில் மூன்று. அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், வியர்வையும்கூட. அம்மாவின் வெள்ளை ரவிக்கை கக்கத்தில் பழுப்பேறிய ஆரஞ்சாகக் கறை படிந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. "கோயிலுக்குப் போற துணியப் பாரு, ரஸ்னா ஊத்துன மாதிரி கீது" என்று அம்மா புலம்புவாள். எனக்கோ அந்தக் கறையைப் பார்க்கப் பார்க்க நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஸ்லைடு. அன்று மைக்ராஸ்கோப்பைத் தொடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். பக்கத்து மேசைப் பெண் எனக்குத் தூக்கம் என்று நினைத்திருப்பாள். நூறு வட்டம் பார்த்தேன். மனசு ஆறாமல் இன்னொரு நூறும் பார்த்தேன். நீலம், நீலம், நீலம்.

அன்று ரயில் நகர்வதாகவே தெரியவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"ம்மா, ஒண்ணுமே இல்ல! சுத்தமா இல்ல!"

மருந்து கேட்கிறது, இன்னும் நான்கு மாதம் சாப்பிட்டால்தான் முழுசாகக் குணமாகும் என்பதுதான் அதன் அர்த்தம். அதை நான் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு அம்மா மைக்கைப் பிடித்தாள். "என் பொண்ணு லேப்ல கீறா. அவளே கண்ணால பாத்துட்டு வந்து சொன்னா. கிருமி ஒண்ணு கூட இல்லியாம். ஆண்டவர் என்னியத் தொட்டுட்டாரு. நான் சொகமாயிட்டேன்" என்றாள். ஸ்தோத்திரம் என்று கூரை அதிர்ந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நீலத்துக்குச் சபையில் கிடைத்த முதல் மரியாதை அது, எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா மறுபடியும் விடுதி வேலைக்குப் போனாள். இரண்டு வாரம் கழித்து, துவைக்கப் போட்ட துணியில், பழையதில் கறை போகாததால் வாங்கிய அவளுடைய புது ரவிக்கையை எடுத்தேன். கக்கத்தில் கறையே இல்லை.

"இன்னாம்மா இது, வெள்ளையா கீது?"

"சோப்பு போட்டா வெள்ளையாத்தான் இருக்கும்."

"நான் இன்னும் சோப்பே போடல."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாத்திரை போடுகிறாயா இல்லையா என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"சாட்சி சொன்னவ எப்பிடிடீ மாத்திர போடுவா? சொகமாயிட்டேன்னு மைக்ல சொல்லிட்டு, வூட்டுக்கு வந்து மூணு மாத்திர முழுங்கினா அது இன்னா சாட்சி? ஆண்டவரப் பொய்யனாக்கச் சொல்றியா?"

நான் கத்தினேன். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், வந்தால் இந்த மருந்துக்கு அடங்காமல்கூடப் போகலாம், இரண்டாவது தடவை வந்தவர்களின் ஸ்லைடை நான் பார்த்திருக்கிறேன் என்றெல்லாம் கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நீதானே இல்லன்னு சொன்ன?" என்றாள் கடைசியில்.

சபைப் போதகர் ஐயாவிடம் சண்டைக்கே போனேன். அவர் பாவம், சர்க்கரை நோயாளி. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர். "நான் நிறுத்தச் சொல்லலியே சிஸ்டர். நானே ஊசி போட்டுகினுதான் பிரசங்கம் பண்றேன். அம்மாகிட்ட இதையும் சொன்னேன். 'நீங்க சொகமாயிட்டேன்னு சாட்சி சொல்லலியே ஐயா'ன்னுட்டாங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கடற்கரையில் ஞானஸ்நானம். வருடத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து, மாமல்லபுரம் தாண்டி ஆள் இல்லாத கரையாகப் பார்த்துப் போவோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெள்ளை உடுத்திய நான்கு பேர் இடுப்பளவு தண்ணீரில் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒவ்வொருவராக முங்கி எழ, கரையில் பாட்டு எழுந்தது. காற்று அந்தப் பாட்டைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனது. இட்லிப் பொட்டலம் கைமாறி வந்தபோது அம்மா வேண்டாம் என்றாள். உபவாசம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மணலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். பழக்க தோஷம், வட்டம் வட்டமாக எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கண் சொருகியது. நாற்பதுக்குப் பக்கத்தில் எங்கேயோ சட்டென்று விழித்துக்கொண்டேன். இப்படி நூறு எண்ணி முடித்தாலும் நான் பார்த்தது எதிரே ஒரு துண்டுத் தண்ணீர்தான். கடலில் ஒன்றுமே இல்லை என்று யாரிடமாவது போய்ச் சொல்வேனா?

"ம்மா, அந்த ஸ்லைடுல நான் இருநூறு எடம்தான் பாத்தேன்."

"அதான் நெறயாச்சே."

"நீ துப்புனதுல ஒரு துளி அது. உன் மார் முழுக்க நான் பாக்கல. கொஞ்சமா இருந்தா என் கண்ணுல மாட்டாது. நான் பாத்த எடத்துல இல்ல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணுமே இல்லன்னு எதுக்குச் சொன்ன?"

"சந்தோசத்துல சொல்லிட்டேன்."

"பாக்காதத பாத்தேன்னு சொன்னா அது பொய் சாட்சிடீ." குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "அதச் சொல்லி என்னியும் மைக்ல சொல்ல வெச்சிட்ட. போ, போய் நீயே சொல்லு."

மணலில் நின்ற ஸ்பீக்கர் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. மைக் ஈரமாக இருந்தது. நான் பார்த்தது இருநூறு இடம் மட்டும், ஒன்றுமே இல்லை என்று அம்மாவிடம் சொன்னது என் தப்பு என்றேன். ஆண்டவர் தொட்டாரா என்று பார்க்கிற மைக்ராஸ்கோப் எங்கள் லேபில் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும் என்றேன். "அம்மா இன்னும் நாலு மாசம் மாத்திர போடணும். ஜெபம் பண்ணிக்குங்க" என்றேன். பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்த ஐயா மெதுவாக ஸ்தோத்திரம் என்றார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அம்மா பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே மாத்திரை அட்டை.

"தண்ணி குடு. இன்னும் ஒண்ணும் சாப்டல."

"இத எப்பம்மா எடுத்து வெச்ச?"

"தெனமும் எடுத்துகினுதான் போறேன். பத்து மணி வரைக்கும் ஒண்ணும் சாப்டாம வெச்சிகினு பாப்பேன். போடவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல."

இரண்டு வாரமும் அவள் காலையில் பத்து மணி வரை எதுவும் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தின் நடுவே வெட்கமில்லாமல் அழுதேன். அம்மா மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஜெபிப்பதுபோல் கண்ணை மூடினாள். பிறகு ஒரே வாயாக விழுங்கினாள்.

விட்ட நாட்களையும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். புது ரவிக்கையிலும் கறை ஏறியது. கடைசி ஸ்லைடையும் நானே பார்த்தேன்.

"எத்தினி எடம் பாத்த?" என்று கேட்டாள் அம்மா.

"முந்நூறு. பாத்த எடத்துல இல்ல."

"பாக்காத எடத்துக்கு நான் ஜெபம் பண்ணிக்கறேன். நிறுத்தலாமான்னு டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் நிறுத்தலாம் என்றார். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அம்மா எழுந்து முன்னால் போனாள். மைக்கைக் கையில் எடுத்தாள். விசிறிக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நீ வா மொதல்ல. நீ பாத்தத நீ சொல்லு. அப்பறம் நான் சொல்றேன்."

நான் எழுந்து போனேன்.