அகரத்துக்கு ஒரு கட்டு மேசை

சர்க்கரைப் புண் வந்த கால் எதுவானாலும் திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் அங்காளம்மாளின் கைக்குத்தான் வந்து சேரும். சேவுகம்பட்டியில் பிறந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டவள். இருபத்தெட்டு வயதில் புருஷனை விபத்தில் பறிகொடுத்துவிட்டு, பெருக்கித் துடைக்கும் வேலைக்கு அங்கே வந்தாள். ஒருநாள் ஆள் பற்றாமல் கட்டு கட்டும் அறையில் விளக்குப் பிடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திய இடத்தில் இவள் குனிந்து பார்த்தாள். நர்ஸ் மரியசெல்வி அன்றைக்கே மேலிடத்தில் பேசி அவளைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

போன ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்து மருத்துவச் சேவைக்கு அடுத்த பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுகிறார்களாம். இந்தத் தடவை ஊழியர்கள் எல்லாரையும் கேட்கப்போகிறார்களாம்.

"நம்மளையுமா சிஸ்டர்? டீ கொடுக்கவா?"

"பேசுறதுக்கு அங்காளு. வாயத் தொறந்து பேசுறதுக்கு!"

கூட்டத்தன்று சுங்குடிச் சேலையை இரண்டு தடவை மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள். அரங்கத்துச் சுவர் முழுக்க மாவட்டத்தின் வரைபடம். அதிகாரி ஒருவர் எழுந்து, "கால் எடுக்கிற ஆபரேஷன் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. அதனால இன்னும் ரெண்டு தியேட்டர் கட்டணும்" என்றார்.

அங்காளம்மாள் எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது.

"சார், அதுல பாதி எடுக்கவே வேண்டாத காலு சார்!"

நூறு தலைகள் திரும்பின. ஆனாலும் சொல் நிற்கவில்லை.

"அகரத்துப் பக்கமிருந்துதான் நெறைய பேரு வாராக. அதுல ஒருத்தர் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்த வாராரு. புண்ணுக் காலோட நடந்து, பஸ்ல நின்னு, இங்க வந்து வரிசையில நிக்காரு. நான் ஆத்துன புண்ண அந்த நடையே கிழிச்சுருது. கடைசில ஏலாம வீட்டோட கெடந்துர்றாரு. அடுத்து அவர நான் பாக்குறது கால் எடுக்க வரும்போதுதான்."

"எந்த ஊர்லருந்து அதிகம் வர்றாங்கன்னு எப்படிச் சொல்றீங்கம்மா?" என்றார் அதிகாரி.

"கட்டுத் துணியே சொல்லும் சார். செம்மண்ணு அப்பியிருந்தா அகரத்துப் பக்கம். வயக்காட்டுச் சேறுன்னா ஆத்தூரு."

சிலர் சிரித்தார்கள். அவளுடைய பிரிவு டாக்டர் ஆண்டனிராஜ் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து நோயாளிகள் பட்டியலை ஊர்வாரியாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அக்கா சொல்றது சரி சார். அகரம் முதல்ல, ஆத்தூர் ரெண்டாவது" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

அவள் மேடையருகே போய் நாற்காலிகளை இழுத்துச் சதுரமாகப் போட்டாள். "இம்புட்டு இடம் போதும் சார். ஒசரமா ஒரு மேசை, ஒரு குழாய், நல்ல வெளிச்சம், சுத்தமான துணி, வேலை கத்துக்கிட்ட ரெண்டு பேரு. அங்கங்க ஊருக்குள்ளயே போட்டுருங்க."

பின்வரிசையிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் பெலிக்ஸ் கத்தினார்: "புண்ணு முத்திப்போனா நான் இங்க கொண்டாந்துர்றேன் சார்! அந்தப் பக்கம் ஆள விட்டுட்டு வெறும் வண்டியாத்தான் வாரேன்!" மருந்துக் கிடங்குக்காரர் எழுந்தார், ஆய்வகத்துப் பெண் எழுந்தாள். அரங்கம் சந்தைக்கடை ஆனது. டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மதியத்துக்குள் வரைபடத்தில் கட்டு மேசைக்கென ஒன்பது சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. தியேட்டர் இரண்டிலிருந்து ஒன்றானது.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள். "ஏத்தா, நான் பேசுனேன்டி! எல்லாரும் கேட்டாகடி!"

எட்டு மாதம் கழித்து, அகரத்துச் சுகாதார நிலையத்தில் முதல் மேசை போட்டார்கள். உள்ளூர் நர்ஸுகள் இரண்டு பேருக்குக் கைப்பழக்கம் வரும்வரை அங்காளம்மாளை அங்கே அனுப்பினார்கள். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். காலை பத்து மணிக்குள் இருபத்துமூன்று பேர் வந்துவிட்டார்கள். சைக்கிளில் வந்தவர்கள், மருமகள் தோளைப் பிடித்து வந்தவர்கள், பக்கத்துத் தெருவிலிருந்து நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட ஒரு பெரியவர்.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கிடங்குக்குப் போன் செய்தாள். "சார், துணி தீரப்போகுது! வெரசா வண்டிய அனுப்புங்க. இன்னைக்கு ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்!"

வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்து யாரு? வாங்கய்யா, காலத் தூக்கி வைங்க" என்றாள்.