ஏற்றத்தில் ஓட்டி, இறக்கத்தில் தள்ளிய எங்கள் அண்ணன்

மலை உச்சியில் குடியிருந்து எங்களைக் காக்கும் சேர்வராயனை வணங்கித் தொடங்குகிறேன்.

அண்ணன் மறைந்த வருடமே இதை எழுதியிருக்க வேண்டும். முதல் திதிக்கே நினைவு மலர் அச்சடித்துப் போடலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் தள்ளிப்போட்டேன். அடுத்த வருடமும் தள்ளினேன், அதற்கடுத்த வருடமும் தள்ளினேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு எழுத வருமா என்ற பயம் ஒரு பக்கம். உள்ளதை எழுதினால் சொந்தத்தில் சிலருக்கு மனத்தாங்கல் வருமே என்ற தயக்கம் மறுபக்கம்.

இந்த முறை திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "கரண்டு சைக்கிள் ஓட்டிச் சாமிகிட்டயே வெளையாடுனான். அதான் சீக்கிரம் போய்ச் சேந்துட்டான். எல்லாம் உள்ள படுத்திருக்கறவளால வந்தது." உள்ளே படுத்திருந்த அண்ணியின் காதில் அது விழுந்தது. அண்ணி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். மனத்தாங்கல் வருகிறவர்களுக்கு வரட்டும்.

அண்ணன் பிறந்தது மாரமங்கலத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேட்டில் சாமை. அப்பா காலமானதும் அண்ணனுடைய படிப்பு நின்றது. எஸ்டேட்டில் குழி வெட்டினார், மூட்டை சுமந்தார். பிறகு ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியின் சமையல்கட்டில் சேர்ந்து, அங்கேயே தலைமைச் சமையல்காரர் ஆனார். என்னை மாரமங்கலத்திலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கட்டிக்கொடுத்தவரும் அவரே. சனிக்கிழமை விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மலையை நகர்த்தினாலும் அவரை நகர்த்த முடியாது.

அண்ணி வந்து சில வருடங்களில் அந்த விபத்து நடந்தது. மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி சரிந்து, அண்ணி முதுகு அடிபட விழுந்தார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் நெடுநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உயிரோட்டம் வரவில்லை. குழந்தையும் இல்லை.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, ஊர்க் கோயில் காரியங்களைப் பார்த்துவந்தவர். அவர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "அவ இனி எந்திரிக்க மாட்டாடா. அவங்க அம்மா ஊட்டுல கொண்டுபோய் உட்டுட்டு, வேற ஒண்ணப் பாக்கலாம்."

அண்ணன் கேட்டார்: "நான் ஏணியில இருந்து உழுந்திருந்தா அவளுக்கு வேற மாப்பிள்ளை பாத்திருப்பீங்களா, பெரியப்பா?"

பெரியப்பா காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அண்ணியைத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாற்றி, திருப்பிப் படுக்க வைப்பது அண்ணன்தான். நானும் அம்மாவும் சேர்ந்து தூக்கினால் அண்ணிக்கு முதுகில் உயிர் போகும். அண்ணன் தனியாகத் தூக்கினால் வலிக்காது. அதனால் அவர் தினமும் வீடு திரும்பியே ஆகவேண்டும். காலையில் பிள்ளைகளுக்கு இட்லி வேகும் நேரத்துக்கு முதல் பஸ் போய்ச் சேராது. இரவுச் சாப்பாடு பரிமாறி முடிப்பதற்குள் கடைசி பஸ் கிளம்பிவிடும். ஆகவே சைக்கிள். விடியுமுன் அவ்வளவு தூரம் போய், இருட்டியபின் அவ்வளவு தூரம் வந்தார். ஏற்றமும் இறக்கமுமான மலைப்பாதை. வருடக்கணக்கில் அப்படி.

அப்புறம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு பலவீனம், மேட்டில் சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டவுனில் ரூம் எடுத்துத் தங்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்றார்கள் எல்லாரும். நானும்கூட அப்படித்தான் நினைத்தேன். அண்ணன், "மிதிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு, போகக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் பேட்டரிக்கடை வைத்திருந்தவர் அண்ணனுக்குப் பழக்கம். எஸ்டேட்டில் உடைத்துப்போட்ட பழைய ஜீப்பின் டைனமோ ஒன்று அவரிடம் கிடந்தது. டைனமோவைச் சுற்றினால் கரண்டு தரும். அதற்கே கரண்டைக் கொடுத்தால் தானாகச் சுற்றும். இது அவர் சொன்னது. இரண்டு பேருமாக அதைப் பின் கேரியரில் பூட்டி, பல்சக்கரமும் செயினும் போட்டுப் பின்சக்கரத்தோடு இணைத்தார்கள். நடுவில், பார் கம்பிக்குக் கீழே, ஒரு மரப்பெட்டியில் பேட்டரி. மழைக்கு அதன்மேல் மூடும் கித்தான் உறையைப் படுத்தபடியே தைத்துக் கொடுத்தவர் அண்ணி. முதல் முறை செயின் அறுந்தது. அடுத்த முறை வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது, நகரவில்லை. இப்படி ஒரு மழைக்காலமே போனது. கடைசியில் ஓடியது.

பகலில் அண்ணன் சமைக்கும் நேரத்தில் பேட்டரி கடையில் சார்ஜ் ஏறும். ஏற்றத்தில் சுவிட்சைப் போட்டுக் காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஏறிப் போவார். ஆனால் அத்தனை கனத்தைச் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் தாங்காது. ஆகவே இறங்கி, பிடித்துக்கொண்டு நடப்பார். இதைப் பார்த்து ஊரே சிரித்தது.

"ஏனுங்க, எல்லாரும் மேட்டுல தள்ளிப் பள்ளத்துல ஓட்டுவாங்க. நீங்க மேட்டுல ஓட்டிப் பள்ளத்துல தள்ளுறீங்களே!"

"எனக்கு மேட்டுலதானுங்க மூச்சு வாங்குது. பள்ளத்துல நடந்தா காத்து நல்லா வருது" என்பார்.

வண்டிக்கு வினை வந்தது ஆயுத பூஜையன்று. காப்பிச் செடியில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி, மண்வெட்டி, ஏணி எல்லாவற்றோடும் அந்த வண்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். அண்ணன் பேட்டரியின் மூடிகளைத் திறந்து கடையில் வாங்கிய தண்ணீரை ஊற்றுவதை அம்மா அடிக்கடி பார்த்திருக்கிறார். வண்டிக்கும் தாகம் எடுக்கும் போலிருக்கிறது என்று எண்ணி, கோயில் தீர்த்தத்தை மூடிகளைத் திறந்து உள்ளே ஊற்றிவிட்டார். துளசி, மஞ்சள், பச்சைக் கற்பூரம் எல்லாம் போட்ட தீர்த்தம், பேட்டரிக்கு ஆகாது. யாரிடமும் சொல்லவில்லை.

சில நாளில் வண்டி பாதி வழியில், ஏற்றத்தில் நின்றது. அண்ணன் அதைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். உதடு கறுத்திருந்தது. வாசலில் உட்கார்ந்தவரால் பேசமுடியவில்லை. உள்ளே அண்ணி, தூக்கித் துணி மாற்ற அவர் வராததால் ஈரத்தில் படுத்து அழுதுகொண்டிருந்தார், தனக்காக அல்ல.

கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பேட்டரிக்குள்ள கோயில் வாசம் அடிக்குது?" என்று கேட்டாராம். அண்ணன் வந்து அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னார்: "வருசம் முச்சூடும் கடைத் தண்ணியே குடிக்குது. ஒருநாளாச்சும் சாமித் தண்ணி குடிக்கட்டும்னு ஊத்துனேன், கண்ணு." அண்ணன் சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

ஆனால் விஷயம் வெளியே பரவியது. தீர்த்தம் பட்டதும் செத்துப்போன வண்டி, அதைச் சாமிக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். கோயில் முன்னால் ஊர் கூடியது. கோயிலைக் கடந்து போகும் அந்தப் பாதையை விட்டால் அண்ணனுக்கு வேறு பாதை கிடையாது. பாதை போனால் வேலை போகும், இல்லையென்றால் அண்ணியைப் பிரிய வேண்டும்.

பெரியப்பா சொன்னார்: "சாமி உத்தரவு குடுத்துருச்சு. இனி அது இந்தப் பக்கம் வரப்படாது."

அண்ணன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலைப் பார்த்து நின்று பேசினார். "அதே தீர்த்தத்த அன்னைக்கி என் சம்சாரமும் குடிச்சா, பெரியப்பா. அவளும் எந்திரிக்கல. அப்ப அவளையும் சாமி வேண்டாங்குதுங்களா?"

கோயில் தவில்காரர் தவிலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பெரியப்பா குரலைத் தணித்து, "சரி, கோயில் முன்னால மட்டும் எறங்கித் தள்ளிட்டுப் போ. மரியாதைக்கு" என்றார்.

"கோயில் முன்னால மேடுங்க. மேட்டுல ஓட்டத்தான் இந்த வண்டியே. சாமிக்குத் தெரியும் என் மூச்சு."

பேட்டரிக்கடைக்காரர் தன்னிடமிருந்த பழைய பேட்டரி ஒன்றைக் கொடுத்து உதவினார். அது வந்த மறுநாள் விடியலில் அண்ணன் ஓட்டிக்கொண்டே கோயிலைக் கடந்தார். பயந்து ஒதுங்கியல்ல. சைக்கிள் மணியை நீளமாக அடித்து, ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு போனார். அவர் ஓட்டிய கடைசி நாள் வரைக்கும் அந்த மணி தவறியதில்லை. அந்தச் சத்தத்தில்தான் பலபேர் எழுந்து மாடு கறந்தார்கள். பெரியப்பா வீட்டிலும் அப்படித்தான்.

சாமி கும்பிடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வண்டி அண்ணனைக் கொல்லவில்லை. மிதிக்கவே கூடாது என்ற நெஞ்சை வைத்துக்கொண்டு அத்தனை வருடம் வேலைக்குப் போக வைத்தது அது. அந்தக் கரண்டு ஷாக் அடிக்காது, அம்மாவே ஈரக் கையோடு தொட்டிருக்கிறார். கடைசி மாதங்களில் அண்ணன் வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தார். பேட்டரியைக் கழற்றிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு பகல் வேளையில், அண்ணிக்குத் தலை வாரிவிட்டு, பக்கத்தில் சாய்ந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் சீப்பை அவர் கையிலிருந்து எடுத்தேன். கோபக்கார சாமி கொடுக்கிற சாவா இது? இது வரம்.

மறைந்த பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. தகனத்தன்று முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான். அவருக்கும், வண்டி செய்து கொடுத்த பேட்டரிக்கடைக்காரருக்கும், இறுதி ஊர்வலத்துக்குப் பஸ் ஏறி வந்த விடுதிப் பிள்ளைகளுக்கும், அண்ணியை வலிக்காமல் தூக்கக் கற்றுக்கொண்ட எங்கள் வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எழுதி முடித்ததும் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பள்ளத்துல எறங்கித் தள்ளுவாரே, அத எழுதுனியா கண்ணு?" என்றார்.

"எழுதிட்டேனுங்க அண்ணி."

"படிக்கறவங்க அதத்தான் மாத்திச் சொல்லுவாங்க."

ஆகவே இந்த மலரைக் கையில் வாங்கும் பெரியோர்களையும் பிள்ளைகளையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தவருக்குச் சொல்லுங்கள், நிறையப் பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். எங்கள் அண்ணன் ஏற்றத்தில் ஓட்டினார். இறக்கத்தில்தான் தள்ளினார்.