பிளேன் ரோட்டை மறித்த முத்துப்பேச்சி

என் அம்மா முத்துப்பேச்சி போன மாதம் இறந்தார். மாரடைப்பு. பாளையம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே விழுந்தார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் சாஸ்தி."

அந்த வாய் என்ன சொன்னது என்பதை எழுதுகிறேன்.

பரளச்சிக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். ஓடுபாதையை ஊரில் பிளேன் ரோடு என்பார்கள். அதற்கான நிலத்தில் பெரும்பகுதி அய்யப்பன் குடும்பத்தார் குத்தகைக்கு விட்டது. அவர்கள் காட்டில்தான் எங்கள் தாத்தா காலம் முதல் கூலி வேலை. பள்ளி வந்ததும் அம்மாவுக்கும் சந்தனம் அத்தைக்கும் ஓடுபாதை பெருக்கும் வேலை கிடைத்தது. விடிந்ததும் வரிசையாக நடந்து கல், கம்பி, ஆணி எல்லாவற்றையும் பெருக்கி எடுக்க வேண்டும்.

நான் பெங்களூரில் விமானப் பராமரிப்பு டெக்னீஷியன். ஒரு கல் விமானத்தின் முன்விசிறியில் பட்டால் என்ன ஆகும் என்று போனில் விளக்கினேன்.

"அதெல்லாம் நீ பாரு தாயி. கல்லு கெடந்தா பெருக்கணும். அம்புட்டுத்தான்" என்றார்.

எங்கள் பக்கம் தார் போட்ட இடமெல்லாம் களம். புது ரோட்டில் பஸ் வருவதற்கு முன் கதிர் வந்துவிடும். பஸ் ஏறி இறங்கினால் தானியம் தானாக உதிரும். அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அய்யப்பன் மேலாளர் ராஜகுருவிடம் கேட்டார். நிலத்துக்காரர் கேட்டால் மறுக்க முடியுமா? முதல் வருடம் அவருடைய கொத்தமல்லிக் கட்டு ஓடுபாதையில் காய்ந்தது, டிராக்டர் ஏறியது. பார்த்துவிட்டு மற்றவர்கள் உளுந்தும் குதிரைவாலியும் கொண்டுவந்தார்கள். அம்மாவும் எங்கள் துண்டு நிலத்துக் குதிரைவாலியைக் கொண்டுபோய் விரித்தார். சாயங்காலம் சுத்தமாகப் பெருக்கினேன் என்பார். தாரின் பொடிக்குழிகளில் கிடந்த மணி விளக்குமாற்றில் வரவில்லை.

மறுநாள் காலை புறாக்கள் இறங்கின. தரையை விட்டு எழும்பிய பயிற்சி விமானத்துக்கு முன்னால் கூட்டமாகக் கிளம்பின. ஒன்று முன்கண்ணாடியை உடைத்தது. ஓட்டியது சேலத்துப் பெண். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் விமானம் பத்திரமாக இறங்கியது. அந்தப் பெண் நெற்றியைத் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு நடந்து போனதை அம்மா பார்த்தார். அதன்பின் வேலிக்குள் ஒரு கதிரைக்கூட அவர் கொண்டுபோகவில்லை.

பள்ளி கண்ணாடியை மாற்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மல்லிக்கட்டு வந்தது. எங்கள் தொழிலில் விபத்து வரும், பிறகு விதி வரும். இங்கே விபத்து வந்தது, விதி வரவில்லை. கதிரும் போகவில்லை.

அடுத்த வருடம் மாசி. ஞாயிறு முழுக்க அய்யப்பன் டிராக்டர் ஓடியது. திங்கட்கிழமை காலையில் ஓடுபாதை முழுக்கப் புறா. அம்மாவும் அத்தையும் விரட்டினார்கள். இந்தக் கோடியில் எழும்பி அந்தக் கோடியில் உட்கார்ந்தன. அதற்குள் விமானத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். அம்மா ராஜகுருவிடம் ஓடினார்.

"சார், புறா போகல. இப்ப வேண்டாம்."

"நீ பெருக்குற வேலையைப் பாரு."

அம்மா திரும்பி வந்து ஓடுபாதையின் நடுவில் நின்றார். கையில் விளக்குமாறு. விமானம் ஓடுபாதையின் கோடிக்கு வந்து அவரைப் பார்க்கத் திரும்பியது.

"அடியே பேச்சி, ஒதுங்குடி! மேல ஏத்திருவான்!" என்று அத்தை ஓரத்திலிருந்து கத்தினார்.

"ஏத்தட்டும். என் மேல ஏத்துனா தரையிலயே முடிஞ்சிரும். புறா மேல ஏத்துனா ஆகாசத்துல போயில்ல முடியும்!"

பயிற்றுநர் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து புறாக்களைப் பார்த்தார். மாணவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அய்யப்பன் பைக்கில் வந்தார்.

"ஏ பேச்சி, என் மல்லியால பிளேன் விழுகுதுன்னியாமே? உங்கய்யன் எங்க களத்தைக் கூட்டுன ஆளு. மறந்துபோச்சா?"

"மறக்கல. எங்கய்யா கூட்டுனது உங்க களம். இது களமில்ல."

"எடம் என்னுது."

"எடம் உங்களுதுதான். அதுல ஏறிப் போற பிள்ளைக உங்களுதா?"

ராஜகுரு நடுவில் புகுந்தார். "பேச்சி, அவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. இல்லேன்னா வராதே."

"எதுக்குக் கேக்கணும்?"

"மரியாதைக்கு."

"அந்தச் சேலத்துப் பிள்ளைக்கு நெத்தியில தையல் போட்டாகளே, அதுகிட்ட இவுக கேட்டாகளா?"

அன்று மாலை அம்மா எனக்குப் போன் செய்தார். சொல்லி முடித்ததும், "நான் செஞ்சது தப்பா தாயி?" என்றார்.

"இல்லம்மா. எங்க ஹேங்கர்ல, அதான் பிளேன் பழுது பாக்குற கொட்டகையில, யாரு வேணும்னாலும் நிறுத்துன்னு சொல்லலாம். மொதல்ல நிறுத்துவாங்க. அப்புறந்தான் ஏன்னு கேப்பாங்க."

"அங்க சரி. இங்க ஏன்னு கேக்கலையே. எவ நீன்னுல்ல கேக்குறாக."

அம்மா வேலைக்குப் போகவில்லை. ராஜகுரு சந்தனம் அத்தையிடம் சொல்லி அனுப்பினார்: மன்னிப்புக்கூட வேண்டாம். அன்றைக்குக் கிறுகிறுப்பு வந்து தெரியாமல் நின்றுவிட்டேன் என்றால் போதும்.

"கிறுகிறுப்பு வந்தவ விழுவாளா, நிப்பாளா? நான் நின்னேன். தெரிஞ்சுதான் நின்னேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வருடம் பாதுகாப்புச் சோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வாசலில் போய் நின்று, ஜீப்பை மறித்து எல்லாவற்றையும் சொன்னார். முதல் வருடம் தான் விரித்த குதிரைவாலியையும் சேர்த்துச் சொன்னார். வேலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்குப் பூட்டு. அய்யப்பனுக்கு வீட்டுப்பக்கம் சிமெண்டுக் களம் உண்டு. மற்றவர்களுக்குப் பிளேன் ரோடு போனது போனதுதான். குழாயடியில் எங்கள் சாதிசனமே அம்மாவோடு பேச்சை நிறுத்தியது. பள்ளியும் திரும்பக் கூப்பிடவில்லை. பாளையம்பட்டியில் ஒரு ஓட்டலில் மாவாட்டப் போனார். என்னோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "இப்ப வந்தா ஓடிட்டான்னு சொல்லுவாக" என்பார். ஓடவில்லை. சாகிற நாள் வரை பஸ் ஏறிப் போய் வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜகுரு மாலையோடு வந்தார். உட்கார்ந்து காப்பி குடித்தார். பிறகு, "அம்மாவோட நல்ல படம் ஒண்ணு வேணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"பாதுகாப்பு வாரம் வருது. வாசல்ல பெரிய போர்டு வைக்கிறோம். விபத்தைத் தடுத்த வீரப் பெண்மணின்னு."

"அதுக்குக் கீழ, இதுக்காக இவரை வேலையை விட்டு அனுப்பினோம்னும் எழுதுவீங்களா?"

"அது பழைய கதைம்மா. போர்டு வந்தா அம்மாவுக்குப் பெருமைதானே?"

"பெருமைன்னா முழுசா எழுதுங்க. யார் அனுப்பினதுன்னும் எழுதுங்க."

"நிர்வாகம் ஒத்துக்காது."

"அப்ப படம் கிடையாது."

பந்தலில் "அவ மகதானே" என்று யாரோ முனகினார்கள். சந்தனம் அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் அங்கேதான் வேலை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ராஜகுருவின் முன்னால் வந்து நின்றார்.

"சார், படம் இல்லேன்னு வெசனப்படாதீக. நாளைக்கிக் காலையில புறா ஒக்காந்திருந்தா நடுவுல நான் நிப்பேன். வேணும்னா அப்ப என்னையப் படம் எடுத்துக்கங்க."