திறப்பதற்காக மூடிய பக்கம்

திறந்த அறிவியலுக்கு இனி மதிப்பெண் உண்டு என்று எங்கள் பல்கலைக்கழகம் அறிவித்த சுற்றறிக்கை, இரகசிய முத்திரையோடு வந்தது. கடவுச்சொல் போட்டுத்தான் அதைப் படிக்க முடியும். கடவுச்சொல் இரண்டு நாள் கழித்து வேறொரு கடிதத்தில் வந்தது.

வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். ஆனால் இணைப் பேராசிரியர் பதவிக்கு நான் விண்ணப்பிப்பது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கட்டுரை எண்ணிக்கை போதாது என்று திருப்பிவிட்டார்கள். என்னிடம் இருந்தது வேறு சரக்கு. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களில் குழாய்களை இறக்கி, நிலத்தடியில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று வாராவாரம் அளந்து, யாரும் பார்க்கும்படி ஓர் இணையப் பக்கத்தில் ஆறு வருடமாகப் போட்டுவந்தேன். பழைய படிவத்தில் அதற்கு இடமே இல்லை. சமூகப் பணி என்ற தலைப்பில், இரத்த தான முகாமுக்குக் கீழே எழுதச் சொன்னார்கள்.

புதிய படிவத்தில் இடம் வந்தது. எத்தனை தரவுக் கோப்புகளைப் பதிவேற்றினீர்கள் என்று கேட்டது. யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கவில்லை. ஒரே மாதத்தில் எங்கள் துறை முழுக்க வள்ளல்கள். எதிர் அறைக்காரர் ஒரு எக்செல் கோப்பைப் பன்னிரண்டாக வெட்டிப் பதிவேற்றினார். நெடுவரிசைத் தலைப்புகளை மட்டும் மறக்காமல் அழித்துவிட்டார், யாராவது பயன்படுத்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

என் ஆறு வருடத்துக்குக் கிடைத்தது முட்டை. மதிப்பெண் திட்டம் தொடங்கும் முன்பே திறந்துவிட்டேனாம். ஆய்வு அலுவலகத்தில் இருந்த பெண் எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். குரலைத் தாழ்த்தி வழி சொன்னார்.

"பழைய பேஜ மூடிட்டு நம்ம சிஸ்டத்துல புதுசா போட்டுருங்க டாக்டர். ரெண்டு எடத்துல இருந்தா கணக்குல எடுக்க மாட்டாங்க. ஒப்புதல் ஒரு வாரத்துல வந்துரும் லா."

நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அன்றே மூடினேன்.

ஒரு வாரம் மூன்று வாரமானது. ஒப்புதல் தர வேண்டியவர் திறந்த அறிவியல் மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. பெக்கான் நானாஸில் சொந்தமாக அன்னாசி போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். மேட்டுப்பக்கக் குழாய்களில் தண்ணீர் ஏறுவதை என் இணையப் பக்கத்தில் பார்த்துத்தான், தோட்டத்துத் தண்ணீர் வடிய அவர் வாய்க்கால் மடையைத் திறப்பார். ஊசி போடாதவரை டாக்டர் என்று கூப்பிட அவருக்கு மனம் வராது, நான் டீச்சர்.

"டீச்சர், பேஜ் தொறக்கல. என் போன்தான் ரோசாக், கெட்டுப்போச்சு போலன்னு மகன் போன்ல பாத்தேன். அதுலயும் வரல."

சிஸ்டத்தில் வேலை நடக்கிறது என்றேன். அளவுகளை வாயாலேயே சொல்லியிருக்கலாம். பதவி உயர்வு நேர்காணலுக்குப் போகும் அவசரத்தில் அதுகூடத் தோன்றவில்லை. அவர் குத்துமதிப்பாக மடையைத் திறந்தார், ஒரு நாள் தாமதமாக. தாழ்ந்த பக்கத்துச் செடிகள் வேரோடு அழுகின.

எனக்குப் பதவி கிடைத்தது. காங் மணி அடித்து விழா எடுத்தார்கள். திறந்த அறிவியல் முன்மாதிரி என்று எழுதிய கேடயத்தோடு, எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தோம். முகநூலில் அதைப் பார்த்துவிட்டு அண்ணன் வாழ்த்துச் சொல்ல அழைத்தார். அழுகிய செடிகளைப் பற்றி, நான் கேட்ட பிறகுதான் சொன்னார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கம் திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டார்.

வந்துவிட்டது. ஆனால் புதிய சிஸ்டத்துக்குள் போக எங்கள் ஊழியர் எண் வேண்டும். பழைய பக்கத்தைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும், அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. என் எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"இத வேற யாருக்கும் சொல்லக் கூடாதுல்ல டீச்சர்?"

கூடாது என்றேன்.